எந்தக் கேள்விக்கு எந்தச் சொல்: வன்னியில் பால்நிலை பற்றிக் கதைக்க வேண்டியவர்களுக்கு

ஒரு பெடியனின் நடை கொஞ்சம் மென்மையாக இருந்தால் போதும், ஊர்வாய் அவனுக்கு ஒரே மூச்சில் நாலு பட்டம் சூட்டிவிடும்: அலி, ஒன்பது, சிங்களத்திலிருந்து ஒட்டிக்கொண்டு வந்த பொன்னயா, பத்திரிகையில் வாசித்த ஓரினச்சேர்க்கை. நாலும் ஒன்றைத்தான் குறிக்கின்றன என்று நினைத்தே ஆட்கள் சொல்கிறார்கள். முதல் மூன்றும் வசவு. அவற்றை வாயிலிருந்து எடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான். நாலாவது ஒருவர் யாருடன் படுக்கிறார் என்பதைப் பற்றிய சொல். அந்தப் பெடியன் ரோட்டால் நடந்து போனதற்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை.

இந்தக் குழப்பம் சொல்லோடு நின்றால் பரவாயில்லை. கிளினிக்கில் தேவையில்லாத கேள்வியாகவும், பள்ளிக்கூடத்தில் அடியாகவும், வீட்டில் அவசரக் கலியாணமாகவும் அது முடிகிறது. ஆகவே விதானைமார் (கிராம அலுவலர்கள்), குடும்பநல உத்தியோகத்தர்கள், ஆசிரியர்கள், வங்கிக் கவுண்டரில் இருப்பவர்கள், இப்படி ஒரு பிள்ளையை வளர்க்கிற தாய்தகப்பன் எல்லோருக்கும் பயன்படட்டும் என்று இதை எழுதுகிறோம்.

நாலு கேள்விகளைத் தனித்தனியாகப் பிடித்துக்கொண்டால் மிச்சமெல்லாம் இலேசு. உடல் எப்படிப் பிறந்தது? இது பால். தன்னை ஆணாக, பெண்ணாக, வேறாக, எப்படி உள்ளே உணர்கிறார்? இது பால்நிலை அடையாளம். உடுப்பு, தலைமயிர், நடை, குரல் எப்படி? இது பால்நிலை வெளிப்பாடு. யார்மேல் மனம் போகிறது? இது பாலீர்ப்பு. ஒன்றுக்கான விடையை வைத்து மற்றொன்றின் விடையைச் சொல்ல முடியாது. சேட்டும் நீளக் காற்சட்டையும் போட்டு மோட்டார் சைக்கிள் ஓடிய பெண்களை வன்னி ஒரு தலைமுறை முழுக்கப் பார்த்தது. அவர்களை யாரும் ஆண்கள் என்று நினைக்கவில்லை. வெளிப்பாடு வேறு, அடையாளம் வேறு என்பது இந்த மண்ணுக்கு ஏற்கெனவே தெரிந்த விசயம்.

இனிச் சொற்கள். பிறந்தபோது எழுதப்பட்ட பாலும் தான் உணரும் பால்நிலையும் ஒத்துப்போகாதவர்களுக்குப் பொதுப்பெயர் திருநர். ஆண் என்று எழுதப்பட்டுப் பெண்ணாக வாழ்பவர் திருநங்கை. பெண் என்று எழுதப்பட்டு ஆணாக வாழ்பவர் திருநம்பி. இங்கே கூடுதலாக நடக்கும் பிழை, எல்லாத் திருநரையும் திருநங்கை என்று சொல்வது. தமிழ்நாட்டுத் தொலைக்காட்சியால் அந்தச் சொல்தான் முதலில் எங்களிடம் வந்தது. அதனால் திருநம்பிகள் இருக்கிறார்கள் என்பதே பலருக்குத் தெரியாது. 'பெண்ணாகப் பிறந்தவரை ஏன் நம்பி என்கிறீர்கள்' என்று கேட்பவர்களுக்கு ஒரு விதி: பெயர் போகிற பக்கத்தைப் பார்த்து வைக்கப்படுகிறது, வந்த பக்கத்தைப் பார்த்து அல்ல. ஆண், பெண் என்ற இரண்டுக்குள்ளும் தன்னை வைக்காதவர்களும் உண்டு. அவர்களில் பலர் நொன்பைனரி என்றே சொல்லிக்கொள்கிறார்கள்.

பெண்ணை விரும்பும் பெண் லெஸ்பியன், ஆணை விரும்பும் ஆண் கே. இரண்டுக்கும் பொதுவாகத் தன்பாலீர்ப்பு என்ற சொல் நன்றாக நிற்கிறது. ஓரினச்சேர்க்கை என்பதைவிட இது மேல் என்பது எங்கள் உறுதியான அபிப்பிராயம். ஏனென்றால் ஒருவர் காதலிப்பதையும் ஏங்குவதையும் சேர்ந்து வாழ விரும்புவதையும் அந்தப் பழைய சொல் ஒரு செயலாகச் சுருக்கிவிடுகிறது. இரு பாலாரிடமும் ஈர்ப்பு வருபவர் இருபாலீர்ப்பாளர். ஒரு திருநங்கை ஆணையும் விரும்பலாம், பெண்ணையும் விரும்பலாம், அவருடைய பால்நிலை அதைத் தீர்மானிக்காது. பால்புதுமையர் என்பது இவர்கள் எல்லோரையும் சேர்த்துச் சொல்லும் சொல். ஆனால் கிளிநொச்சிச் சந்தையில் அதைச் சொன்னால் விளங்குபவர் குறைவு. கட்டுரைக்கு வைத்துக்கொள்ளலாம்.

சென்னை உயர்நீதிமன்றம் 2021இல் தொடங்கிய ஒரு வழக்கின் தொடர்ச்சியாகத் தமிழ்நாட்டு அரசு 2022இல் இப்படியான சொற்களுக்கு ஒரு பட்டியலை அரசிதழில் வெளியிட்டது. அங்கே 'பாலினம்' என்பதை எங்கள் கச்சேரி (மாவட்டச் செயலகம்) அனுப்பும் கடிதங்களில் 'பால்நிலை' என்று காண்பீர்கள். எதைப் பாவித்தாலும் ஒரே கடிதத்துக்குள் இரண்டையும் கலக்காமல் இருந்தால் சரி.

ஆளை எப்படிக் கூப்பிடுவது என்பதில் தமிழ்நாட்டு அறிவுரையை அப்படியே எடுக்க வேண்டாம். 'அவர் என்று சொன்னால் யாருக்கும் பொருந்தும்' என்பார்கள். எழுத்தில் பொருந்தும். வன்னிப் பேச்சில் பொருந்தாது. இங்கே 'அவர் வந்தவர்' என்றால் ஆண், 'அவா வந்தவா' என்றால் பெண். ஒரு திருநங்கையை மரியாதையாகச் சொல்வதாக நினைத்து 'அவர் வந்தவர்' என்றால், சொல்பவருக்கு அது மரியாதை, கேட்பவருக்குக் குத்தல். அவா என்றே சொல்ல வேண்டும். திருநம்பிக்கு அவர். தெரியாதபோது பெயரைச் சொல்லுங்கள், முகத்துக்கு நேரே நீங்கள் என்று கதையுங்கள். அக்கா, அண்ணா, தம்பி, தங்கச்சி என்ற முறை இல்லாமல் எங்கள் பேச்சு ஓடாது. ஆகவே 'உங்களை என்னெண்டு கூப்பிட?' என்று ஒருமுறை, மற்றவர்களுக்குக் கேட்காமல், கேட்டுவிடுவது நல்லது. கேட்டதால் யாரும் கோபித்ததில்லை. பிழையாகச் சொல்லிவிட்டால் உடனே திருத்திக்கொண்டு கதையைத் தொடருங்கள். பத்துத்தரம் மன்னிப்புக் கேட்டால் அறையில் இருக்கிற எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள், சங்கடம் அவருக்குத்தான்.

வைத்தியசாலை வரிசைதான் கடினமான இடம். கிளினிக் கொப்பியின் மட்டையில் ஆண்பெயர் இருக்கும், வாங்கில் சேலை உடுத்த ஒருவர் இருப்பார், தாதி அந்தப் பெயரை உரத்துக் கூப்பிடுவார். ஐம்பது பேருக்கு முன்னால் எழும்பிப் போக மனமில்லாமல் மருந்து எடுக்காமலே திரும்பிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். நீரிழிவு மருந்தாகவும் இருக்கலாம், காசநோய் மருந்தாகவும் இருக்கலாம், நிற்பது அந்த மருந்துதான். இதற்குச் செலவில்லாத வழி இருக்கிறது: துண்டு இலக்கத்தைக் கூப்பிடுங்கள். கொப்பியின் உள்பக்கத்தில் 'கூப்பிடும் பெயர்' என்று பென்சிலால் எழுதிவைக்கலாம், அவர் சம்மதித்தால் மட்டும்.

கேள்வியும் அப்படித்தான். கை உடைந்து வந்தவரிடம் பால்நிலை பற்றிக் கேட்க ஒரு காரணமும் இல்லை. பாலியல் நோய்ப் பிரிவில் கேட்க வேண்டியது 'நீங்கள் கேயா' என்பதல்ல, 'யாருடன், எப்படி, ஆணுறை பாவித்தீர்களா' என்பது. கலியாணம் முடித்து மூன்று பிள்ளைகளுடன் இருக்கும் ஒருவர் ஆண்களுடனும் உறவு வைத்திருக்கலாம். தன்னைக் கே என்று அவர் ஒருநாளும் நினைத்திருக்க மாட்டார், ஆகவே இல்லை என்று சொல்லிவிட்டுப் பரிசோதனை செய்யாமலே போய்விடுவார். அடையாளத்தைக் கேட்டால் நோய் தப்பிவிடும்.

மருந்து விசயத்தில் இரண்டு ஆபத்துகளைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஹோர்மோன் சிகிச்சைக்குப் போகத் தூரமும் வெட்கமும் தடையாக இருப்பதால், சில திருநங்கைகள் பார்மசியில் கருத்தடைக் குளிசையை வாங்கி இரட்டிப்பாக, மும்மடங்காகப் போடுகிறார்கள். அதிலுள்ள எதினைல் எஸ்ட்ராடியோல் இரத்தக்கட்டியை உண்டாக்கக்கூடியது. அளவு கூடக்கூட ஆபத்தும் கூடும், புகைப்பவருக்கு இன்னும் கூடும். ஒரு காலின் கெண்டைப் பகுதி மட்டும் வீங்கி நோவது, திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுநோ: இவை வந்தால் அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும், என்ன போட்டேன் என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். மற்றது திருநம்பிகள் நெஞ்சைத் தட்டையாக்கக் கிரேப் பண்டேஜ் சுற்றுவது. அது மூச்சு விடும்போது விரியாது, உடம்பு அசைய அசைய இறுகும். விலா நோகும், வியர்வையில் தோல் வெந்துபோகும். பங்குனி சித்திரை வெயிலில் பண்டேஜோடு வயலில் நிற்பது மயக்கத்தில் கொண்டுபோய் விடும். இறுக்கமான விளையாட்டு உள்ளாடை பரவாயில்லை. எட்டு மணித்தியாலத்துக்கு மேல் வேண்டாம், நித்திரையில் வேண்டவே வேண்டாம். நோ வந்தால் கழற்ற வேண்டும்.

இடைப்பால் என்பது இவை எல்லாவற்றிலும் வேறானது. அது முதலாவது கேள்வியைச் சேர்ந்தது, உடலைப் பற்றியது. பிறப்புறுப்போ குரோமோசோமோ ஹோர்மோனோ, ஆண் உடல் பெண் உடல் என்று வழக்கமாகச் சொல்லும் வரையறைக்குள் வராமல் பிறப்பது. அது திருநர் என்பதன் இன்னொரு பெயர் அல்ல. இடைப்பால் நிலையில் பிறந்த பலர் தம்மைச் சாதாரண ஆணாகவோ பெண்ணாகவோதான் உணர்கிறார்கள்.

குடும்பநல உத்தியோகத்தர்கள் இதை இரண்டு வயதுக் கட்டங்களில் சந்திக்கிறார்கள். ஒன்று பிறந்த குழந்தை. உறுப்பைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்ல முடியவில்லை என்றால் ஊகித்துச் சொல்லாதீர்கள். 'பரிசோதித்துவிட்டுச் சொல்வோம், பிள்ளை நல்லாயிருக்கு' என்று சொல்லுங்கள். ஆனால் ஒரு விசயத்தில் தாமதம் கூடாது. இதற்குக் காரணமான ஒரு நிலையில், அதாவது பிறவி அட்ரீனல் சுரப்பிக் கோளாறில், குழந்தையின் உடம்பு உப்பைப் பிடித்துவைக்காது. முதல் இரண்டு மூன்று கிழமைக்குள் பால் குடிக்காமை, வாந்தி, நிறை குறைதல், துவண்டுபோதல் வரும், கவனிக்காவிட்டால் உயிர் போகும். வீடு போய்ச் சேர்ந்த பிறகுதான் இது பெரும்பாலும் தெரியவரும். கிழமைக்கு ஒருமுறை நிறை பார்ப்பது போதாது, வாந்தி என்றதும் அனுப்புங்கள். அவசரமாகச் செய்ய வேண்டியது இந்த மருத்துவம். அவசரமே இல்லாதது உறுப்பை 'ஒழுங்காக்கும்' சத்திரசிகிச்சை. சலம் போவதில் தடை போன்ற ஆபத்து இல்லையென்றால், பிள்ளை வளர்ந்து தானே சொல்லும்வரை அது காத்திருக்கலாம். சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019இல் கொடுத்த தீர்ப்புக்குப் பிறகு, உயிராபத்து இல்லாமல் இடைப்பால் குழந்தைகளுக்கு இப்படி அறுவை செய்வதைத் தமிழ்நாடு தடைசெய்தது. பிறப்பை 42 நாளுக்குள் பதிய வேண்டும் என்ற நெருக்கடி தாய்தகப்பனுக்கு இருக்கும். பதிவேட்டில் ஒரு சொல்லை எழுதுவதற்காகக் குழந்தையில் கத்தி வைக்கத் தேவையில்லை என்று அவர்களுக்குச் சொல்ல ஆள் வேண்டும்.

மற்றது பதினைந்து, பதினாறு வயது. கூடப் படித்தவர்களுக்கெல்லாம் சாமத்தியவீடு முடிந்துவிட்டது, இந்தப் பிள்ளை இன்னும் பெரியபிள்ளையாகவில்லை. வீட்டில் கைமருந்து ஓடும், நேர்த்தி வைப்பார்கள், செய்வினை என்றும் கதை வரும். 15 வயதாகியும் மாதவிடாய் வரவில்லை என்றால் வைத்தியரிடம் காட்ட வேண்டும். காரணம் பல இருக்கலாம். போசாக்குக் குறைவு, தைரொயிட், கருப்பையே உருவாகாமல் பிறந்திருப்பது, குரோமோசோம் வித்தியாசம். ஆண் ஹோர்மோனான அன்ட்ரஜனை உடல் ஏற்காத நிலையில் மார்பு வளர்ந்திருக்கும், கருப்பை இருக்காது, குரோமோசோம் வழக்கமாக ஆண்களுக்கு இருக்கும் எக்ஸ்வை ஆக இருக்கும். இந்த முடிவைத் தாயிடம் 'உங்கடை மகள் உண்மையில் ஆண்' என்று சொல்லிவிடாதீர்கள். அது மருத்துவப்படியும் பிழை. அவள் பெண்ணாக வளர்ந்தவள், தன்னைப் பெண்ணாக உணர்பவள், குரோமோசோம் முதலாவது கேள்விக்கான விடையில் ஒரு துண்டு மட்டுமே. முடிவை முதலில் பிள்ளைக்கு, வயதுக்கேற்ற சொல்லில், தனியாகச் சொல்ல இடம் கொடுங்கள். விடுமுறைக்கு வந்த மாமிக்கு அது தெரியத் தேவையில்லை.

ஆவணங்களைப் பற்றி. 2016இல் இலங்கைச் சுகாதார அமைச்சு 01-34/2016 இலக்கச் சுற்றறிக்கை மூலம் பால்நிலை அங்கீகாரச் சான்றிதழ் முறையைக் கொண்டுவந்தது. 16 வயதுக்கு மேற்பட்டவர்கள் பெறலாம். கையெழுத்து வைப்பவர் சத்திரசிகிச்சை நிபுணர் அல்ல, மனநல விசேட வைத்திய நிபுணர். ஆகவே முதல் படி மாவட்ட வைத்தியசாலையின் மனநலப் பிரிவு. ஒரே நாளில் கிடைக்காது, பல தடவை போக வேண்டும். இடையில் விட்டால் வைத்தியர் மாறும்போது கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டி வரும். அதனால் கிளினிக் கொப்பியையும் திகதி போட்ட துண்டுகளையும் ஒரு பிளாஸ்டிக் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள். மனநலப் பிரிவுக்குப் போவதால் இது மனநோய் என்று ஆகிவிடாது. உலக சுகாதார நிறுவனம் தன்பாலீர்ப்பை 1990இலேயே நோய்ப்பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. அந்தப் பட்டியலின் புதிய பதிப்பாக 2022இல் நடைமுறைக்கு வந்த ஐசிடி 11 திருநர் நிலையை மனநோய் அத்தியாயத்திலிருந்து வெளியே எடுத்துவிட்டது.

சான்றிதழ் கிடைத்ததும் பிறப்புப் பதிவைத் திருத்த வேண்டும், பிறகு அடையாள அட்டை, அதன் பிறகுதான் மற்றவை. இந்த ஒழுங்கை மாற்றினால் ஒவ்வொரு கந்தோரும் மற்றக் கந்தோருக்குத் திருப்பி அனுப்பும். 2009இல் போருக்குள் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடியவர்களில் பலரிடம் மூலப் பிறப்புச் சான்றிதழ் இல்லை. அவர்கள் முதலில் அதன் பிரதியை எடுக்க வேண்டும். பதிவே இல்லாதவர்கள் காலங்கடந்த பதிவை முடிக்காமல் திருத்தத்துக்குப் போக முடியாது. பெயரின் எழுத்து மூன்று மொழியிலும் ஒத்துப்போகிறதா என்று கவுண்டரை விட்டு இறங்க முன்னமே பாருங்கள். படிவத்தில் ஆண், பெண் இரண்டுதான் உண்டு, மூன்றாவது பெட்டி இல்லை. நொன்பைனரியாக வாழ்பவர்களுக்கு இந்த வழி இன்னும் உதவாது.

அடையாள அட்டை எண்ணைக் கொஞ்சம் கிட்டப் பாருங்கள். பழைய எண்ணில் முதல் இரண்டு இலக்கம் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்ணென்றால் அதோடு 500 கூட்டப்படும். ஜனவரி 10ஆம் திகதி பிறந்த ஆணுக்கு 010, பெண்ணுக்கு 510. 12 இலக்கப் புதிய எண்ணிலும் இதே கணக்குத்தான், ஆண்டு மட்டும் நாலு இலக்கமாக வரும். பால் எண்ணுக்குள்ளேயே இருப்பதால், பால் திருத்தப்பட்டால் பழைய எண் பொருந்தாது. அந்தப் பழைய எண்ணிலோ வங்கிக் கணக்கு, ஊழியர் சேமலாப நிதி, சிம், சாரதி அனுமதிப்பத்திரம், அஸ்வெசும நலன்புரிக் கொடுப்பனவு எல்லாம் கட்டுண்டு கிடக்கும். ஆகவே பழைய அட்டையைக் கையளிக்க முன்னம் இரு பக்கமும் பிரதி எடுங்கள். இரண்டு எண்ணும் ஒரே ஆளுடையவை என்று சமாதான நீதவான் முன் ஒரு சத்தியக்கடதாசி முடித்து வையுங்கள். வங்கிக்கு முதலில் போங்கள், சம்பளம் தடைப்பட்டால்தான் மற்ற எல்லாம் தடைப்படும். கவுண்டரில் இருப்பவருக்கு ஒரு வேண்டுகோள்: எண்ணும் படமும் ஆளும் ஒத்துவரவில்லை என்றால் உள்ளே ஒரு கதிரையில் இருத்திக் கேளுங்கள். பக்கத்துக் கவுண்டரைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டாம்.

சட்டத்தைப் பற்றிப் பலரும் விடும் ஒரு பிழை உண்டு. 'இலங்கையில் கேயாக இருப்பது குற்றம்' என்பார்கள். 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ பிரிவுகள் சில செயல்களைத்தான் குற்றமாக்குகின்றன. ஒருவர் எப்படி உணர்கிறார், எப்படி உடுக்கிறார் என்பது அதில் இல்லை. 365அ முன்பு ஆண்களை மட்டும் சொன்னது, 1995 திருத்தத்துக்குப் பிறகு பெண்களையும் உள்ளே கொண்டுவந்தது. இவற்றை மாற்ற 2023இல் ஒரு தனிநபர் சட்டமூலம் வந்தது. அது அரசியலமைப்புக்கு முரணில்லை என்று உச்சநீதிமன்றம் அந்த ஆண்டு மே மாதம் தீர்மானித்தது. ஆனால் 2024இல் நாடாளுமன்றம் கலையும்வரை அது நிறைவேறவில்லை. பொலிசார் திருநரை மறித்து நிறுத்தும்போது ஆள்மாறாட்டம் பற்றிய 399ஆம் பிரிவும், 1841ஆம் ஆண்டு அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டமும் எடுக்கப்படுவதுண்டு. சேலை உடுப்பது ஆள்மாறாட்டம் அல்ல, ஒருவரை ஏமாற்றி இலாபம் எடுப்பதுதான் அந்தப் பிரிவின் விசயம். சான்றிதழ் கையில் இருப்பவர்கள் அதன் பிரதியைப் பயணப் பையில் வைத்திருங்கள், மூலத்தை வீட்டில் விடுங்கள்.

வீட்டாருக்கு. 'கலியாணம் கட்டி வைத்தால் சரியாயிடும்' என்பதைப்போல் நாசம் செய்த வார்த்தை இந்த விசயத்தில் வேறில்லை. சரியாவதில்லை. கட்டப்பட்ட மற்றப் பிள்ளையின் வாழ்க்கையும் சேர்ந்து போகிறது. பூசாரியிடம் வேப்பிலை அடிப்பதும், அறையில் பூட்டிவைப்பதும், போனைப் பறிப்பதும் பிள்ளையை மாற்றாது. பிள்ளை உங்களிடம் சொல்வதை நிறுத்துவதுதான் நடக்கும். பிள்ளை சொன்னால் முதல் நாள் முடிவு எதுவும் எடுக்காதீர்கள். 'எனக்கு விளங்க நேரம் வேணும், நீ என்ரை பிள்ளைதான்' என்பது போதும். பிள்ளை சொன்னதைப் பிள்ளையின் அனுமதியில்லாமல் பெரியப்பாவுக்கும் வெளிநாட்டுச் சித்திக்கும் சொல்லாதீர்கள். ஒரு விதானைப் பிரிவுக்குள் ஒருவரிடம் சொன்னது மறுநாள் தேர்முட்டியில் நிற்கும். ஆசிரியர்களுக்கும் இதே சொல்தான்: ஒரு மாணவன் உங்களை நம்பிச் சொன்னதை வீட்டுக்கு அறிவிப்பது கடமை என்று நினைக்காதீர்கள், பல பிள்ளைகளுக்கு அடி விழுவது அங்கேதான். பிள்ளை சாப்பிடாமல், நித்திரையில்லாமல், சாவைப் பற்றிக் கதைத்தால் தனியே விடாதீர்கள், 1926 என்ற மனநல உதவி இலக்கத்துக்கு எடுக்கலாம். 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவருக்கு அடியோ துன்புறுத்தலோ நடந்தால் சிறுவர் உதவி இலக்கம் 1929.

அரச அலுவலகமோ பொலிசோ ஒருவரை இந்தக் காரணத்துக்காக இழிவுபடுத்தினால் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிடலாம், உடனடி இலக்கம் 1996. நேரம் முக்கியம். உச்சநீதிமன்றத்துக்கு அடிப்படை உரிமை மனுப் போட ஒரு மாதம்தான் இருக்கிறது. அந்த மாதத்துக்குள் ஆணைக்குழுவிடம் கொடுத்தால், விசாரணை நடக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது என்று ஆணைக்குழுவை அமைத்த 1996ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. முறைப்பாட்டில் திகதி, நேரம், இடம், எந்த அலுவலகத்தின் எந்தக் கவுண்டர், சொன்ன வார்த்தைகள் அப்படியே, பக்கத்தில் நின்றவர் யார் என்பன இருக்க வேண்டும். வசவை எழுத வெட்கப்பட்டு 'கூடாத வார்த்தை சொன்னார்' என்று விட்டுவிடுகிறார்கள், விசாரணை அங்கேயே வலுவிழந்து போகிறது. சொன்ன சொல்லை அதே எழுத்தில் எழுதி, கொடுத்ததற்குத் திகதி முத்திரை போட்ட பிரதி ஒன்றை வாங்கிக்கொண்டு வாருங்கள்.